கடைசிப் படிக்கல்

அத்தியாயம் 14

போன வாரம் ராயம்மாள் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல்படி இறங்கியதோடு விட்டிருந்தோம். எங்கே போகிறாள், யார் கூப்பிட்டார்கள் என்று ஆளாளுக்குக் கார்டு போட்டுக் கேட்டுவிட்டீர்கள். கொஞ்சம் பொறுக்கக் கூடாதா? சேலத்துக்குப் போகிறாள். நீச்சல் போட்டிக்கு.

நீந்தப் போவது அவள் மகள் ராஜமேரி. பெண்பிள்ளைகள் வெளியூர்ப் போட்டிக்கு வந்தால் கூட ஒரு பொம்பளை வரவேண்டும் என்பது விதி. வழக்கமாகப் போகிற தெரசா டீச்சருக்குக் காய்ச்சல். சவேரியூர் நீச்சல் கழகத்தை நடத்துகிற முனிராஜ் மாஸ்டர் விடிந்ததும் விடியாததுமாக வந்து, "அக்கா, நீங்க வர முடியுங்களா?" என்று கேட்டார். கேட்ட பிறகு கேட்டிருக்கக் கூடாதோ என்று அவருக்கே பட்டது. அந்த வீட்டில் போய் நீச்சல் பேச்சை எடுக்க யாருக்குத்தான் வாய் வரும்?

ராயம்மாள் அடுப்பை அணைத்தாள், சேலையை உதறிக் கட்டினாள், கிளம்பிவிட்டாள். ஏப்ரல் மாதத்திலிருந்து அவள் அப்படித்தான், வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. உட்கார் என்றால் உட்காருவாள். சாப்பிடு என்றால் சாப்பிடுவாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நேரமாச்சு என்றால் முக்காடு போட்டுக்கொண்டு நடப்பாள். அழுகிறாளா என்றால் அதுவும் இல்லை.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. ஏப்ரலில் அந்த வீட்டு மூத்த பையன் யாகப்பன் போய்விட்டான். பதினேழு வயசு. கழகத்துக்குக் கேப்டன். கழகம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். அரூர் தாலுக்காவில் நீச்சல் குளத்துக்கு எங்கே போவது? யாகப்பனின் அப்பா சின்னப்பராஜின் கிணறுதான் கழகம். அந்தக் கிணற்றில், தினம் குதிக்கிற மோட்டார் ரூம் மேட்டிலிருந்துதான் யாகப்பன் அன்றைக்கும் குதித்தான்.

கிணற்றுச் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் படிக்கற்களில் கடைசிக் கல் எப்போதும் ஆள் ஆழத்தில் இருக்கும். முந்தின ராத்திரி கரண்ட் வந்ததென்று அப்பா சின்னப்பராஜ் விடிய விடியக் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சியிருந்தார். தண்ணீர் இறங்கிவிட்டது. கல் ஒரு சாண் ஆழத்தில் நின்றது. பையன் அவசரத்தில் பார்க்கவில்லை.

முதலில் குதித்துத் தூக்கியது ராஜமேரி. ஒரு கையால் அண்ணன் தலையைத் தண்ணீருக்கு மேலே பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அந்தக் கல்லையே பிடித்துக்கொண்டு கிடந்தாள். ஆட்கள் இறங்கிவந்து பையனை வாங்கிக்கொண்ட பிறகும் கல்லைப் பிடித்த கையை அவள் விடவில்லை. விரல் விரலாகப் பிரித்துத்தான் அவளை மேலே கொண்டுவந்தார்கள். ராயம்மாள் கிணற்று மேட்டில் கையை ஊன்றிக் குந்தி அதைப் பார்த்தாள்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் மூன்று பேர் இருக்கிறார்கள். ஒருவர் மீது ஒருவர் பழி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒரு சண்டையாவது நடந்திருக்கும்.

சேலம் பஸ்ஸில் ஜன்னலோரம் ராஜமேரி, பக்கத்தில் அம்மா. முன் சீட்டுகளில் கழகத்துப் பையன்கள் நாலு பேர் கையில் முறுக்கோடு ஒரே இரைச்சல். பின்னால் மாஸ்டர் யாரோ தெரிந்தவரிடம் விஷயத்தை விளக்கிக்கொண்டு வந்தார். இன்றைக்கு முதல் இரண்டு இடத்துக்குள் வருகிறவர்களை மெட்ராஸில் விளையாட்டு விடுதியில் சேர்த்துக்கொள்வார்கள். சாப்பாடு, படிப்பு எல்லாம் அங்கேயே. இதை அவர் சின்னப்பராஜிடமும் ஒரு மாதம் முன்பே சொல்லியிருந்தார். அவர் "பாக்கலாம்" என்றார். அவர் "பாக்கலாம்" என்றால் காதில் விழவில்லை என்று அர்த்தம்.

ராஜமேரிக்கு விழுந்திருந்தது. அரூர் தாண்டி வெகுதூரம் வந்த பிறகு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"மெட்ராஸுல கெணறு இருக்காதில்லம்மா?"

ராயம்மாளுக்குப் புரிந்துவிட்டது. பெண்ணுக்கு மெடல் வேண்டாம், பேர் வேண்டாம். அந்தக் கிணற்றை விட்டு, அந்த வீட்டை விட்டு, எங்கேயாவது போய்விடவேண்டும். அவளுக்கு வயசு பதினைந்து. அதை வாய்விட்டுச் சொன்னதே பெரிசு.

சேலத்துக் குளத்தைப் பார்த்ததும் பையன்கள் விளிம்பிலேயே நின்றுவிட்டார்கள். தண்ணீர் நீலமாக இருந்தது. அடியில் போட்ட கோடு வரைக்கும் தெரிந்தது. அடி தெரிகிற தண்ணீரில் அவர்கள் நீந்தியதே இல்லை. மற்ற ஊர்ப் பிள்ளைகள் ரப்பர் தொப்பி மாட்டிக்கொண்டு கையைக் காலை உதறிக்கொண்டிருந்தார்கள். ராஜமேரி இரட்டைச் சடையைத் தூக்கிக் கட்டி, தெரசா டீச்சர் எங்கேயோ இரவல் வாங்கிக் கொடுத்த நீச்சல் உடையின் மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றாள். கூச்சமாகத்தான் இருந்தது.

ராயம்மாளுக்கு மூக்கில் ஏறியது பிளீச்சிங் பவுடர் வாசனை. ஏப்ரலில் பஞ்சாயத்து ஆள் வந்து கிணற்றில் மூட்டை மூட்டையாகக் கொட்டிவிட்டுப் போனானே, அதே வாசனை. மாஸ்டர் சிமெண்டுப் படியைக் காட்டி உட்காரச் சொன்னார். உட்கார்ந்தாள்.

காலையில் நூறு மீட்டர் நீச்சல். ஐம்பது மீட்டர் போய், எதிர்ச்சுவரைத் தொட்டுத் திரும்பி வரவேண்டும். விசில் ஊதியதும் ராஜமேரி பாய்ந்த பாய்ச்சலில் தொப்பிக்காரப் பெண்கள் எல்லாரும் பின்னால். போகும்போதும் முதல், திரும்பும்போதும் முதல். மாஸ்டர் துண்டைத் தூக்கிச் சுற்றினார். பையன்கள் குதித்தார்கள். கொஞ்ச நேரத்தில் வெள்ளைத் தொப்பி போட்ட நடுவர் ஒருவர் வந்து, இந்தப் பெண் கணக்கில் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

சுவரைத் தொடவில்லையாம். ஒரு முழம் இருக்கும்போதே திரும்பிவிட்டாளாம்.

தப்பு யார் பேரில் என்று கேட்டால் மாஸ்டர் பேரில்தான். கிணற்றுச் சுவர் கருங்கல். மோதினால் கை கிழியும், இடுக்கில் தண்ணிப்பாம்பு வேறு இருக்கும். சுவரைத் தொட்டவன் அவுட்டு என்பதுதான் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் தண்ணீர் விளையாட்டே. மாஸ்டரும் அதற்குத் தகுந்தாற்போல் சுவருக்கு ஒரு முழம் முன்னால் கயிறு கட்டி, கயிற்றைத் தொட்டுத் திரும்பித்தான் பழக்கியிருந்தார். சேலத்தில் கயிறு இருக்காது என்று மனுஷன் யோசிக்கவில்லை.

அவர் தலையில் அடித்துக்கொண்டு பையன்களைக் கூட்டிவைத்துச் சொன்னார். சுவத்தத் தொடுங்கடா, இங்க பாம்பும் இல்ல ஒண்ணும் இல்ல. அடுத்த போட்டியில் பையன்கள் சுவரைத் தொட்டார்கள். ஒருவன் சந்தேகத்துக்கு இரண்டு தடவை தொட்டுவிட்டுக் கடைசியில் வந்தான்.

ராஜமேரிக்கு இன்னும் ஒரு போட்டி பாக்கி. மத்தியானம், தவளை நீச்சல். அதில் இரண்டு கையாலும் சேர்த்துத் தொடவேண்டும். மாஸ்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, ஆள் இல்லாத நேரத்தில் குளத்தில் இறக்கி, ஒரு தடவை தொட்டுக் காட்டச் சொன்னார். போனாள். ஒரு முழத்தில் நின்றாள். இன்னொரு தடவை போகச் சொன்னார். கை நீண்டது, சுவருக்குக் கிட்டே போனதும் மடங்கிக்கொண்டது.

"தொட வரலீங்க சார்" என்றாள். அழவும் இல்லை, கோபமும் இல்லை. பல் வலிக்கிறது என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

மாஸ்டருக்கு அது பழக்கதோஷம். படியில் உட்கார்ந்திருந்த ராயம்மாளுக்கு அது என்ன என்று தெரியும். உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

இந்த இடத்தில் சின்னப்பராஜ் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

அம்மாவும் பெண்ணும் பஸ் ஏறிய தகவல் உறுதியானதும் அவர் மோட்டாரைப் போட்டார். கரும்புக்கு அல்ல, தண்ணீரைச் சும்மா வாய்க்காலில் விட்டார். அதைப் பார்த்த பக்கத்துக் காட்டில் பயிர் வைத்திருக்கிற நஞ்சப்பன், தண்ணி வீணாப் போகுதே, மாமனுக்குப் புத்தி கெட்டுப்போச்சா என்று கேட்டுவிட்டுப் போனார். சின்னப்பராஜ் கேட்டுக்கொண்டார்.

தண்ணீர் இறங்க இறங்கக் கடைசிப் படிக்கல் வெளியே வந்தது. பாசி பிடித்த, ஒரு முழ நீளக் கருங்கல். கல் உடைக்கிற சவுரியப்பனை வரச் சொல்லியிருந்தார். இரண்டு பேரும் கடப்பாரையும் சம்மட்டியுமாக இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினார்கள். மாசக் கணக்காக நினைத்துக்கொண்டிருந்த வேலை. வீட்டில் பொம்பளைகள் இருக்கும்போது எப்படிச் செய்வது? அந்தக் கல்லில் சம்மட்டி விழுகிற சத்தத்தை ராயம்மாள் கேட்டால் என்ன ஆவாள்? இன்றைக்குத்தான் வீடு காலி.

பொண்ணு பழையபடி குதிக்கணும்ல, என்றார் சவுரியப்பனிடம். வேலை முடிகிற வரைக்கும் அவர் பேசியது அவ்வளவுதான். மிச்ச நேரமெல்லாம் அடித்தார். சவுரியப்பன் மாற்றிப் பிடிக்கட்டுமா என்று கேட்டதற்குக் கூடச் சம்மட்டியைக் கொடுக்கவில்லை.

சேலத்தில் மத்தியானச் சாப்பாடு. பொட்டலத்தில் எலுமிச்சஞ்சோறு. பையன்கள் ஊறுகாய்க்கு அடித்துக்கொண்டார்கள். ராஜமேரி சோற்றை உருட்டிக்கொண்டே இருந்தாள். ராயம்மாள் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கை. அன்றைக்குக் கல்லைப் பிடித்த கை.

ராயம்மாள் நல்லவள்தான். ஆனால் உங்களிடம் மறைக்க முடியாது, அந்த நேரத்தில் அவள் நினைத்தது இதுதான்: தொடாவிட்டால் பெண் வீட்டோடு இருப்பாள்.

ஒன்றும் செய்யவேண்டியதில்லை. சும்மா இந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தால் போதும், மாசக்கணக்காய் உட்கார்ந்திருக்கிற மாதிரி. சாயந்தரம் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம். ஒன்றைத்தான் மண்ணுக்குக் கொடுத்தாச்சு. இன்னொன்றை மெட்ராஸுக்கு ஏன் கொடுக்கவேண்டும்? எந்தத் தாயும் நினைக்கக்கூடியதுதான். நான் தப்புச் சொல்லமாட்டேன்.

அப்போது ராஜமேரி பொட்டலத்தை மடித்துவைத்துவிட்டு, "வூட்டுக்கே போயிரலாமாம்மா?" என்றாள்.

ராயம்மாள் நினைத்ததையே பெண் வாயால் சொல்லிவிட்டாள். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அந்தக் குரல் அவளுக்குத் தெரிந்த குரலாக இருந்தது. உட்கார் என்றால் உட்காருகிற, சாப்பிடு என்றால் சாப்பிடுகிற ஆளின் குரல். பதினைந்து வயசில் அது வந்துவிட்டதே என்று அவளுக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது.

தவளை நீச்சலுக்குப் பெண்களைக் கூப்பிட்டார்கள். ராயம்மாள் எழுந்தாள். மாஸ்டர், உக்காருங்கக்கா என்றார். உட்காரவில்லை. குளத்தைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்தாள். வெள்ளைத் தொப்பி நடுவர் குறுக்கே வந்து, இங்கெல்லாம் வரக்கூடாதும்மா, அங்க போய் உக்காருங்க என்றார். அவள் காதிலேயே வாங்கவில்லை. ராஜமேரியின் கோடு எங்கே வந்து முடிகிறதோ அங்கே குந்தி, ஈரச் சுவரின் விளிம்பில் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றிக்கொண்டாள். விசில் ஊதிவிட்டபடியால் நடுவரால் அதற்கு மேல் ஒன்றும் செய்யமுடியவில்லை.

தவளை நீச்சலில் ராஜமேரி தலையைத் தூக்கித்தான் நீந்துவாள், கிணற்றுப் பழக்கம். பாதி வரும்போதே அம்மாவைப் பார்த்துவிட்டாள். சுவரோடு ஒட்டி, கையை ஊன்றி, அன்றைக்குக் கிணற்று மேட்டில் குந்தியிருந்த அதே அம்மா. பெண்ணின் வேகம் குறைந்தது. இரண்டு பெண்கள் அவளைத் தாண்டிப் போனார்கள். அக்கரையில் மாஸ்டர் கத்துவது கேட்டது.

ஒரு முழம் வந்தது. கை மடங்கியது. ராயம்மாள் அசையவில்லை. ஊன்றிய கையையும் எடுக்கவில்லை. அதன் கீழே, ஈரச் சுவரில், ராஜமேரியின் இரண்டு உள்ளங்கையும் வந்து படிந்தன.

தொட்டுவிட்டாள். ஆனால் திரும்பவில்லை.

பிடித்துக்கொண்டுவிட்டாள். விரல் வெளுக்க வெளுக்க விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டு தண்ணீரில் நின்றாள். தாண்டிய இரண்டு பேரும் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். விரல் விரலாகப் பிரிப்பதற்கு இங்கே ஆளில்லை, பிரித்தால் அதுவும் தப்பாட்டம். ராயம்மாள் வாயைத் திறந்தாள். ஏப்ரலிலிருந்து பூட்டிக்கிடந்த வாய். எதுவுமே வராது என்றுதான் அவளும் நினைத்தாள்.

"வுடு கண்ணு" என்றாள். "அவனப் புடிச்சிக்கிட்டது போதும். போயிட்டு வா."

பெண்ணின் உதடு கோணியது. விரல்கள் ஒவ்வொன்றாகத் தானே பிரிந்தன. காலால் சுவரை ஒரு உதை உதைத்தாள் பாருங்கள், ராயம்மாள் சேலை முழுக்கத் தண்ணீர்.

கிணற்றில் வளர்ந்த பிள்ளைக்கு மூச்சைப் பற்றிக் கவலை இல்லை. ஒருத்தியைப் பாதியில் பிடித்தாள். இன்னொருத்தியைப் பிடிக்க முடியவில்லை, ஒரு கை அளவு பின்னால் வந்தாள். இரண்டாம் இடம்.

நடுவர்கள் கூடிப் பேசினார்கள். அந்தம்மா அங்கே நின்றது தப்பு, பெண் தொட்டது சரி என்று முடிவாயிற்று. மெட்ராஸ் விளையாட்டு விடுதியிலிருந்து ஆள் எடுக்க வந்திருந்தவர் ராஜமேரியின் தோளைத் தட்டினார். திங்கட்கிழமை காலையில் மெட்ராஸில் இருக்கவேண்டும். அப்பா நேரில் வந்து சேர்த்துவிட்டுப் போகட்டும் என்றார். மாஸ்டர் சரிங்க சரிங்க என்று தலையாட்டினார். ராஜமேரி அம்மாவின் ஈர முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ராயம்மாள் தன் பெண்ணுக்குத் தலை துவட்டினாள். அந்த வேலையை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

திரும்பும் பஸ்ஸில் ராஜமேரி அம்மா மடியில் படுத்துத் தூங்கிவிட்டாள். ராயம்மாள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தாள். சந்தோஷமா, துக்கமா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. ரொம்ப நாள் மடக்கி வைத்திருந்த கால் நீட்டியதும் வலிக்குமே, அந்த மாதிரி எங்கேயோ வலித்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் சவேரியூரில் இறங்கினார்கள். வீடு திறந்து கிடந்தது, ஆளைக் காணோம். காட்டுப் பக்கம் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் அங்கே போனார்கள். ராயம்மாள் கிணற்றுப் பக்கம் வருவது அன்றைக்கு அப்புறம் இதுதான் முதல் தடவை.

சின்னப்பராஜ் தலையிலிருந்து கால் வரை சேறு. மோட்டார் ரூமுக்கு அந்தப் பக்கம் குழி வெட்டி, இரண்டாக உடைந்த படிக்கல்லைப் புதைத்து மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தார். அவர்களைப் பார்த்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்தார். உள்ளங்கை இரண்டும் கொப்புளம்.

"கல்ல எடுத்துட்டேன்" என்றார் மகளிடம். "அடியில ஒண்ணும் இல்ல, சுத்தம். ஊத்து நல்லாத்தான் இருக்குது, நாளைக்குள்ள தண்ணி ஏறிரும். திங்கக்கெழம காலைலேர்ந்து நீ பயமில்லாமக் குதிக்கலாம் கண்ணு. நானே மேட்டுல வந்து ஒக்காந்துக்கறேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். ஏப்ரலுக்கு அப்புறம் அந்த வீட்டில் யாரும் சிரித்ததில்லை. அதனால் அது அவருக்கே கொஞ்சம் மறந்துபோன மாதிரி, ஒரு பக்கமாக வந்தது.

ராஜமேரி அப்பாவைப் பார்த்தாள். அப்புறம் அம்மாவைப் பார்த்தாள். போட்டி என்ன ஆச்சு என்று அவர் இன்னும் கேட்கவே இல்லை.

"ஏங்க" என்றாள் ராயம்மாள்.

அவர் திரும்பினார். மனைவி தன்னைக் கூப்பிட்டாள் என்பது அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் சேற்றுக் கையை வேட்டியில் அவசர அவசரமாகத் துடைத்துக்கொண்டு, குழந்தை மாதிரி முகமெல்லாம் மலர்ந்து கிட்டே வந்தார்.

"சொல்லு புள்ள" என்றார்.